பச்சை காட்டிய பூஜ்யம்

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீர்க் குழாய்க்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. நகரம் முழுக்கக் காற்றின் தூசியை அளக்கும் மீட்டர்கள் இருக்கின்றன. அவை பதினொரு கம்பெனிகளுக்குச் சொந்தம். அந்த அளவுகளை ஏபிஐ வழியாகக் குழாய் வைத்ததுபோல் இழுத்துவந்து எங்கள் டேட்டா தளத்தில் சேர்ப்பது அக்காவின் வேலை. சாவியைக் காட்டிக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒருவன் எண்களை எடுத்து நீட்டுவான், அவ்வளவுதான் ஏபிஐ. பதினொரு வீட்டிலும் பதினொரு குணத்தோடு அவன் உட்கார்ந்திருப்பான் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒரு கம்பெனி வேறு தேசத்துக் கடிகாரப்படி நேரத்தை அனுப்பும். இன்னொன்று மணிக்கு அறுபது தடவைக்கு மேல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். இதையெல்லாம் அக்கா ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 'நாலாவது: சொன்ன பேச்சு கேட்காது. ஒன்பதாவது: திங்கட்கிழமை தூங்கும்.' என் மாமியாரைப் பற்றிக்கூட இவ்வளவு எழுத விஷயம் கிடைக்காது என்பாள்.

என் வயிற்றெரிச்சல் ஏழாவது கம்பெனி. அவர்கள் மீட்டர் செத்துப்போனால் 'பதில் இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். பூஜ்யம் என்று அனுப்புவார்கள். ஒரு நகரத்துக் காற்றில் பூஜ்யம் தூசி! கழுவித் துடைத்த ஆபரேஷன் அறையில்கூட அப்படி வராது. ஆனால் அந்த எண்களை ஊருக்கு நிறமாகக் காட்டும் எங்கள் ஆப்பின் வரைபடத்துக்கு அந்த விவரம் தெரியாது. தூசி குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. பூஜ்யத்தைவிடக் குறைவாக வேறென்ன இருக்கிறது? செத்த மீட்டர்தான் ஊரிலேயே அதிகப் பச்சையாக மினுங்கும்.

அக்கா ஏழாவது கம்பெனிக்கு ஆறு கடிதம் எழுதினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். பிறகு மேனேஜரிடம் போனாள். எதைச் சொன்னாலும் 'பாத்துக்கலாம்' என்பதால் அவருக்கு அதுவே பெயர்.

"சார், பூஜ்யம் வந்தா சாம்பல் கலர் காட்டிடுவோம். தகவல் இல்லைன்னு போட்டுடுவோம்."

"வரைபடம் பூரா ஓட்டை ஓட்டையா தெரியும்மா. நம்மகிட்ட டேட்டா வாங்கினவங்க கேள்வி கேப்பாங்க. இப்ப என்ன அவசரம்? பாத்துக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் என்று அவரை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. இந்தத் தளத்தைச் சோதித்துப் பார்க்கிறவன் நான். பூஜ்யம் கொடுத்தேன், பச்சை வந்தது, 'சரி' என்று எழுதி ஒப்புதல் கொடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால். என் கையால்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. மூச்சிரைப்பு உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பாலம் கட்டுகிறார்கள், அங்கே இருப்பது ஏழாவது கம்பெனியின் மீட்டர். அதனால் தினமும் காலையில் நாற்காலியில் உட்காருமுன்பே அக்கா அந்த ஒரு மீட்டரைப் பார்ப்பாள். பூஜ்யம் என்றால், குழந்தையை வெளியே ஓட விடாதீர்கள் என்று உடனே பள்ளிக்குப் போன் போடுவாள். அந்தப் புதன்கிழமை பார்க்கவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு கம்பெனியை இணைக்க வேண்டுமென்று பாத்துக்கலாம் எட்டரைக்கே கூட்டம் போட்டு எங்களை உட்காரவைத்துவிட்டார். பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அக்காவை என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

பள்ளியின் ஓய்வறையில், இரும்புக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. இன்ஹேலர் கொடுத்தும் அடங்கவில்லை. விளையாட்டு ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம், நான் பாக்காம விடலை. நீங்களே பாருங்க." போனை நீட்டினார். எங்கள் ஆப். பள்ளிக்கூடத்தின் மேல் பச்சை. "பச்சையா இருக்கேன்னுதான் ஓட விட்டேன்."

அக்கா போனைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். எனக்குத்தான் அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாருடைய போனை அடிப்பது? அந்த மனிதர் எங்களை நம்பினார், அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தைக்குப் பேச்சு வந்தது.

"அம்மா, முதல் ரவுண்டுலயே நெஞ்சு அடைச்சுது. ஆனா உன் ஆப்புல பச்சைன்னு சார் சொன்னாரு. அதான் நிக்கலை."

அக்கா அழுதாள். அழுதுகொண்டே பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஏழாவது கம்பெனியின் பூஜ்யம் எல்லாவற்றையும் சாம்பலாக்கினாள். நாலே வரி. எட்டு மாதமாக இந்த நாலு வரிக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை. மாற்றம் வெளியே போக என் ஒப்புதலும் வேண்டும். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். நான் ஒப்புதல் கொடுத்தேன்.

வரைபடத்தில் முப்பத்தொரு இடம் சாம்பலானது. முப்பத்தொன்று! அதில் எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பாத்துக்கலாம் என் மேஜைக்கு வந்து கத்தினார். "யாரைக் கேட்டு மாத்துனீங்க? அந்தம்மா இனிமே இந்த வேலைக்கு வர வேண்டாம். உடனே பழையபடி மாத்து!"

"அந்தப் பச்சைக்கு இனிமே என் ஒப்புதல் கிடைக்காது சார். என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

அவர் வாயைத் திறக்குமுன் மேஜைப் போன் அடித்தது. அதே விளையாட்டு ஆசிரியர். மேனேஜர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், எங்க ஸ்கூல் மேல சாம்பலா காட்டுது. அப்படின்னா என்ன அர்த்தம்? பசங்களை வெளிய விடலாமா?"

பாத்துக்கலாம், சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கையை ஆட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம் சார். எட்டு மாசமாவே தெரியாது. விடாதீங்க."