அவர் கணக்கில் என் நாடி

என் கணவருக்குப் பதிலாக நான் சைக்கிள் மிதித்தேன். அவருடைய கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டு, என் நாடித்துடிப்பை அவருடையது என்று மகளையும் மருத்துவரையும் நம்பவைத்தேன்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? வரட்டும். முழுவதையும் கேளுங்கள்.

அவர் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரி. போன ஆண்டு இலேசாக ஒரு மாரடைப்பு வந்தது. தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கட்டும் என்றார் தென்காசி மருத்துவர். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் கலா, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றை வாங்கி அனுப்பினாள். கூடவே அந்தக் கைக்கடிகாரம். அப்பா எவ்வளவு நேரம் மிதித்தார், இதயம் எப்படித் துடித்தது என்பதெல்லாம் அவள் போனுக்குப் போய்விடும்.

இரண்டு நாள் மிதித்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

"ஏட்டி, சந்தையில நடக்காத நடையா? இதுல என்னதான் மிதிச்சாலும் அடுத்த தெருவுக்குக்கூட போவ முடியாது."

அன்று மாலை போனில் மகள் கடிந்துகொண்டாள். அவரும் கத்தினார். வீட்டில் குரல் உயர்ந்தாலே எனக்குத் தாங்காது... மறுநாள் மதியம் அவர் உறங்கும்போது கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, சேலையை வரிந்து கட்டி மிதித்தேன். ஒரு நாள் சமாதானத்துக்காகத்தான்!

சமாதானத்துக்காக மட்டுமா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தெருவில் நடக்கப் போகக் கூச்சப்பட்டவள் நான். "என்ன மதினி, சுகரா?" என்று யாராவது கேட்டுவிட்டால்? பின்னறையில் என்னை யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் வேர்ப்பது இத்தனை சுகமா! தினமும் மிதித்தேன்; முழங்கால் வலி குறைந்தது. ரவிக்கை தளர்ந்தது. அப்பா அசத்துகிறார் என்று மகள் சொல்லும்போதெல்லாம், அந்தப் பாராட்டைத் திருட்டுத்தனமாக நான் எடுத்துக்கொள்வேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். "அப்படியே எம் மாத்திரையையும் நீயே முழுங்கிரு" என்று கேலி செய்வார். நானும் சிரித்தேன்... சிரித்தேனே!

மகள் அனுப்பிவைத்த அந்தக் கணக்குகளை மருத்துவர் பார்த்தார். இதயம் நன்றாகத் தேறியிருக்கிறது, அடுத்த பரிசோதனையை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், பழைய வேலைகளைச் செய்யலாம் என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 'அது நான்' என்று சொன்னால் போதுமாயிருந்தது. பயமா, வெட்கமா... இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாரல் காலம் வந்தது. ஒரு நாள் சந்தை முடிந்ததும் கூட்டாளிகளோடு பழைய குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பினார். நான் தடுத்திருக்க வேண்டாமா? மருத்துவரே சொல்லிவிட்டாரே என்று துண்டை எடுத்துக் கொடுத்தேன். நான் சொன்ன பொய்யை நானே நம்பிவிட்டேன்!

அருவிக்கு ஏறும் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். காய்கறி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தார். ஆனால் இப்போது வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

கலா ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தாம்மா... இன்னுங் கொஞ்சம் மிதிங்க, இன்னுங் கொஞ்சம் மிதிங்கன்னு அப்பாவ விரட்டுனேன். நாந்தான் அவங்க நெஞ்சக் கெடுத்துட்டேன்."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்! அவள் சாப்பிடாமல் கிடந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை உன்னை வெறுத்துவிடும் என்று கணவரும் தடுத்தார். அது எனக்கு வசதியாக இருந்தது.

சென்னைக்குத் திரும்பிய பிறகும் போனில் அதையே சொல்லி அழுதாள். போன வாரம் அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. முதலில் மருத்துவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு, வீட்டுக்கு வந்து மகளை அழைத்தேன். என் முழங்கால் தேறியதைக்கூட மறைக்கவில்லை.

கலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, நா அழுததயெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்தியாம்மா?"

ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இப்போது அப்பாவிடம் மட்டும் பேசுகிறாள். நேற்று அவர் போனை என் பக்கம் நீட்டினார். வாங்கி, "கலா" என்றேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது... அப்புறம் அதுவும் இல்லை.

இன்று மாலையும் அழைப்பாள். அவர் நீட்டுவார். நான் வாங்குவேன்.