மசாடெக் அம்மா கேட்ட கேள்வி

மனைவி இறந்த பிறகு என் தம்பி அழவே இல்லை. வேலைக்குப் போவான், பாசிர் ரிஸ் வீட்டுக்குத் திரும்புவான், கதவைச் சாத்திக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஒருநாள் ஃபேரர் பார்க்கில் இருக்கும் என் மளிகைக்கடைக்கு வந்து, மெக்சிகோ போவதாகச் சொன்னான். அங்கே மலைக்கிராமம் ஒன்றில் மசாடெக் இனத்து வைத்தியர் இருக்கிறாராம். புனிதக் காளானைக் கொடுத்து, விடிய விடியப் பாடி நோய் தீர்ப்பாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியமா உனக்கு? அந்தப் போதைக் காளான அங்க சாப்பிட்டாலும் இங்க சிங்கப்பூர்ல உள்ள தள்ளிடுவாங்க லா."

"திரும்பி வந்தாத்தானேக்கா," என்றான். போவதற்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருந்தான்.

அங்கே போய் இறங்கியவன், கடையில் கூட்டம் நெரியும் ஒரு காலை வேளையில் வீடியோவில் அழைத்தான். அங்கே இரவு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த வைத்தியர், ஒரு வயதான அம்மா; எதிரே வாழையிலையில் காளான். அவர் பேசியதை மகள் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் வழக்கப்படி நோயாளி தனியாக வரக்கூடாதாம். வீட்டு மனுஷர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், என்ன நோய் என்றும் சொல்ல வேண்டும். இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டாராம்.

"காளான் மட்டும் குடுக்காதீங்கம்மா," என்றுதான் வாயைத் திறந்தேன். பிறகு எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டிவிட்டேன். "அவ செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு, யாரையும் தொட விடமாட்டேங்கறான். அவ எங்கிட்ட எப்பவும் மல்லுக்கு நிப்பா. அந்தச் சண்டை இல்லாம எனக்கே கையும் ஓடல காலும் ஓடல. இவனும் போயிட்டா நான் யாருகிட்ட போவேன்?"

காய்கறிக் கூடையோடு நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. திரையில் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். நானும் அழுதேன், வெட்கமே படவில்லை.

நான் பேசியது அந்த அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும் வாழையிலையை மடித்து ஓரமாக வைத்தார். இன்றைக்குக் காளான் வேண்டாம், அம்மா பாட மட்டும் செய்வார் என்று மகள் சொன்னார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். தாழ்ந்த குரல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டு. எனக்கும் எதுவும் புரியவில்லை. நெஞ்சு மட்டும் லேசானது.

பாடி முடிந்ததும் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:

"அக்கா, ஏர்போர்ட்டுக்கு வருவியா?"