முகம் காட்டும் நேரம்

எங்கள் பண்ணையில் பகல் அதிகாலை நாலரை மணிக்கு ஆரம்பிக்கும். சூரியனுக்கு அதில் பங்கில்லை. மோட்டார் ரூமில் இருக்கும் டைமர் ஒருமுறை 'டக்' என்னும். ஒன்பது ஷெட்டுகளிலும் மஞ்சள் பல்புகள் ஒன்றாக எரியும். விடிந்துவிட்டது என்று நம்பிக் கோழிகள் தீவனம் கொத்தத் தொடங்கும். மார்கழிப் பனியில் பரமத்தி வேலூர் சாலையிலிருந்து பார்த்தால், வயலுக்கு நடுவே ஒன்பது ரயில்கள் வந்து நின்று யாருக்காகவோ காத்திருப்பது போல இருக்கும்.

கடைசி ரயிலில் ஆறரை மணிக்கு ஏறுகிறவர் மாரியாயி. ஒன்பதாம் ஷெட்டில் முட்டை பொறுக்குபவர். நாற்பத்திரண்டு வயது. சேலைக்கு மேல் கணவரின் பழைய ஊதாச் சட்டையைப் போட்டிருப்பார். வேறு நிறத்தில் நான் பார்த்ததில்லை. அவர் ஊரிலிருந்து காலையில் இரண்டே டவுன் பஸ். ஒன்று ஆறு இருபதுக்கு எங்கள் கேட்டில் இறக்கிவிடும். அடுத்தது எட்டரைக்கு. அதனால் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

வந்ததும் முட்டையைத் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் எதையோ முனகியபடி, கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். ஒரு வரிசை விடாமல் போய்த் திரும்புவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'மொகங் காட்டறது'. புது ஆளையோ புது நிறத்தையோ திடீரென்று கண்டால் கோழிகள் மிரண்டு கூண்டில் மோதும். முட்டை கீறும். அடுத்த சில நாள் ஓடில்லாத தோல்முட்டையாக விழும். அந்தக் கோழிகள் குஞ்சுப்பருவம் தாண்டி ஒன்பதாம் ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முகத்தில்தான் விழிக்கின்றன.

நான் அந்தப் பண்ணையின் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கிறேன். பி.காம். எங்கள் வீட்டின் முதல் பட்டம். அரசுத் தேர்வு முடிவு வரும்வரைக்கும் என்று சொல்லிச் சேர்ந்தேன். முடிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன, நானும் இருந்துகொண்டே இருக்கிறேன்.

நவம்பரில் முதலாளி ஜீவானந்தம், முகத்தைப் பார்த்து நேரம் பதியும் மிஷின் ஒன்றை வாங்கி ஆபீஸ் சுவரில் மாட்டினார். வேலை எட்டு மணிக்கு. மிஷின் ஏழே முக்காலுக்கு முன்னால் யாரையும் ஏற்காது. அதற்கு முன் வருவது அவரவர் இஷ்டம். எட்டு ஐந்தைத் தாண்டினால் பெயர் சிவப்பாகும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஷெட்டை விட்டு முட்டை அட்டை அடுக்கும் ரூமுக்குப் போக வேண்டும்.

"அக்கா, இனிமேல் எட்டு மணிக்கு இங்க வந்து மொகங் காட்டோணுங்க" என்று மாரியாயியிடம் சொன்னேன்.

"ஆருக்கு?"

"இந்த மிஷினுக்கு."

அவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். "இது மெரளுமா அம்மிணி?"

"மெரளாதுங்க."

"அப்பறம் எதுக்கு மொகங் காட்டறது?"

"வேலை ஆரம்பிக்கற நேரம் தெரியோணுமில்லைங்களா? எட்டு மணிக்குத்தானுங்களே வேலை."

"அப்ப ஆறரையில இருந்து நானென்ன தூங்கிட்டா கெடக்கறேன்?" என்று சிரித்துவிட்டுப் போனார். என் கம்ப்யூட்டரில் அந்த நேரத்துக்குக் கட்டம் இல்லை.

ஷெட்டுக்குள் செல்போன் கூடாது. மாரியாயி கைக்கடிகாரம் கட்டுவதில்லை. ஏழு ஐம்பத்தைந்துக்கு சாலைத் திருப்பத்தில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அதைக் கேட்டதும் கிளம்பினால் எட்டு இரண்டுக்கு மிஷின் முன்னால் நிற்கலாம். ஒரு மாதம் அப்படியே போயிற்று.

டிசம்பர் கடைசியில் தொடர்ந்து மூன்று நாள் அவர் பெயர் சிவப்பானது. மூன்றாம் நாள் எட்டு பதினொன்று. மூச்சிரைக்க ஓடி வந்து, "ஏனுங்க அம்மிணி, பள்ளிக்கூட வண்டி போயிருச்சா?" என்றார்.

"அரைப் பரீட்சை லீவுங்க அக்கா."

"அடக் கெரகமே! ஆரன் அடிக்காமப் போறான்னு மூணு நாளா அந்த டிரைவரைத் திட்டிட்டு இருக்கறேன்."

முதல் சிவப்பு விழுந்த அன்றே ஏன் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. நேரத்தைத் திருத்த ஒரு பட்டன் இருந்தது. தொட்டால் முதலாளியின் போனுக்குத் தகவல் போகும். அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். நேர்மை என்று அப்போது நினைத்தேன். பயமாகவும் இருக்கலாம்.

மறுநாள் மாரியாயி அட்டை அடுக்கப் போனார். "என்ற கோழிகளுக்கு ஆரு மொகங் காட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அட்டை ரூமிலிருந்த அகல்யாவுக்கு ஒன்பதாம் ஷெட் வந்தது. அவள் மிஷினுக்கு முகம் காட்டியது ஏழு ஐம்பத்தேழு. பச்சை. எட்டு பத்துக்குப் புது மஞ்சள் சுடிதாரோடு முட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே நுழைந்தாள். ஆபீஸில் இருந்த எனக்குத் தகரக் கூரையில் பெருமழை இறங்குவது போலக் கேட்டது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. பத்தாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் சிறகடித்த சத்தம் அது.

ஒரு வாரமாகியும் ஒன்பதாம் ஷெட் அடங்கவில்லை. கீறலும் தோல்முட்டையுமாக வந்தது. முதலாளி ஆபீஸுக்கு வந்தார்.

"அந்தப் புள்ள நேரத்துக்குத்தான வருது?"

"ஆமாங்க சார். ஒரு நாள்கூடச் செவப்பில்லைங்க."

"அப்பறம் என்ன கேடு?"

நான் முதல் பஸ்ஸைச் சொன்னேன். ஊதாச் சட்டையை, பின்னால் கட்டிய கைகளை, பள்ளிக்கூட வேனைச் சொன்னேன். அவர் மிஷின் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நானும் அவங்களைக் கேக்கலைங்க சார்."

"ஆறு இருவதுக்கு ஆபீஸை ஆரு தொறக்கறது?"

"நான் வாரேனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

"செரி. அவங்களையே ஒம்பதாம் ஷெட்டுக்கு அனுப்பு. மிஷின்ல நேரத்தை மாத்தி வெச்சுக்க. முன்னாடி வர்றதுக்கு அவங்க மூணு மணிக்கே கெளம்பிக்கட்டும். நீயுந்தான்."

அடுத்த திங்கட்கிழமை பனி கொட்டியது. பஸ்ஸிலிருந்து இறங்கிய மாரியாயி கரைந்துபோன உருவமாக நடந்து வந்து மிஷின் முன்னால் நின்றார். அது 'முகம் தெரியவில்லை' என்று காட்டியது.

"கோழிக்குத் தெரியுது, இதுக்குத் தெரியலையாக்கும்."

என் போன் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மிஷின் 'தேங்க் யூ' என்றது. ஆறு இருபத்து மூன்று.

"இருக்கட்டும் சாமி" என்று அதனிடம் சொல்லிவிட்டு நடந்தார். போனை மேசையில் வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன். ஒன்பதாம் ஷெட் வாசலில் என்னை நிறுத்தினார்.

"அந்தத் துப்பட்டாவை இங்கயே வெச்சுட்டு வா. செவப்பு."

கழற்றிக் கம்பியில் போட்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் அங்கே நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கொக்கரிப்பு சட்டென்று நின்றது. மஞ்சள் வெளிச்சத்தில் கொண்டைகள் வரிசை வரிசையாக நிமிர்ந்தன. மாரியாயியும் நடக்காமல் நின்றுவிட்டார். பின்னால் கட்டியிருந்த விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. பிறகு அந்த முனகலை எடுத்தார். முதல் வரிசையில் ஒரு கோழி குனிந்து தீவனத்தைக் கொத்தியது. பக்கத்தில் இருந்ததும் கொத்தியது. அந்தச் சத்தம் தூறல் போல ஷெட்டின் கடைசி வரை மெதுவாக நகர்ந்துபோனது.

நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடர்ந்தேன். கோழிகள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு ஐம்பத்தைந்துக்குப் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லீவு முடிந்திருந்தது. மூன்றாம் வரிசையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மாரியாயி தலையைத் தூக்கவில்லை.