சம்மணம் போட்டு ஓட்டிய லாரி

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் நான் பேட்டையில் லாரி ஓட்டினேன். எதிரே ஏதும் வந்தால் லாரி தானாகவே பிரேக் போட்டு நிற்பதற்கு ஒரு கருவியை உருவாக்கி, பாத்திமா என்ற பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதைச் சோதிக்க டிரைவர் யாரும் வரவில்லை. நான் போனேன்.

என்னோடு லாரி ஓட்டிய சுடலைக்குக் கோபம். "ஏலே, நாளைக்கு மிஷினே வண்டி ஓட்டும். நீ சோத்துக்கு என்ன செய்வே?" என்றான்.

மைதானத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றை நோக்கி மெதுவாக ஓட்டச் சொன்னார் பாத்திமா. ஓட்டினேன். ஆனால் கருவிக்கு முன்பே என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. மறுபடியும் அப்படியே.

"அண்ணாச்சி, நீங்களே மிதிச்சா எப்படி? இன்னைக்கு இது நிக்கலைன்னா ஆராய்ச்சியையே விடச் சொல்லிருவாங்க" என்றார்.

வண்டியை முதல் கியரில் நகரவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். வைக்கோல் நெருங்க நெருங்கக் கால் துடித்தது. ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டேன்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, வைக்கோலில் முட்டாமல் தானாக நின்றது.

"எல்லார் பொழப்பையும் கெடுத்துட்டியேலே" என்றான், வேடிக்கை பார்க்க வந்திருந்த சுடலை.

"வேற வேலை பாத்துச் சாப்பிட்டுக்கிடலாம் வே. வண்டி ஓட்டும்போதே உறங்கிச் செத்தானே என் தம்பி, அவனை எங்கன போய்த் தேட?"

அதற்குப் பிறகு சுடலை என்னோடு பேசவில்லை. அடுத்த சோதனைக்கும் நான்தான் போனேன். மனுசன் கால் உறங்கிவிடும் பிள்ளைகளே. அப்போது மிதிக்க வேறொன்று வேண்டும். யார் சிரித்தாலும் இதைத்தான் சொல்வேன்.