நீல் கப்பலில் பிடித்த இடம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். வீடு தீவில், ஷாதிபூரில்.

போன டிசம்பர் விடுமுறைக்கு மதுரையிலிருந்து மகள் குடும்பம் வந்திருந்தது. எல்லோருமாக ஹேவ்லாக் தீவுக்குக் கிளம்பினோம். கப்பல் ஏறும் ஜெட்டியில் நல்ல கூட்டம்.

"அம்மா, எங்க கூடவே வாங்க" என்றான் மகன்.

"நான் ஏறாத கப்பலாடா? முன்னாடி போய் இடம் பிடிக்கிறேன்."

புளியோதரைத் தூக்கோடு நடந்துவிட்டேன். எந்தக் கப்பல் என்று யாரையும் கேட்கக் கௌரவம் விடவில்லை. டிக்கெட் கேட்டவரிடம், பின்னால் மகன் கொண்டு வருகிறான் என்று சொல்லி ஏறினேன். காற்றோட்டமான பெஞ்சில் துண்டையும் பையையும் பரப்பி, உட்கார வந்தவர்களையெல்லாம் விரட்டினேன்.

பக்கத்தில் இருந்த வங்காளி அம்மா கேட்டாள்: "மாஜி, ஆப் பீ நீல் ஜா ரஹே ஹோ?"

நீங்களும் நீலுக்கா என்கிறாள். நீல் வேறு தீவு. சட்டென்று எழுந்தேன். எட்டிப் பார்த்தால், அடுத்த கப்பலின் வாசலில் என் குடும்பம் ஏறாமல் என்னைத் தேடிக்கொண்டு நிற்கிறது. இங்கே சங்கு ஊதிவிட்டது.

"ருக்கோ, ருக்கோ, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் விரட்டியவர்களே என் பையையும் தூக்கையும் கைக்குக் கை மாற்றிக் கரை சேர்த்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

"இடம் பிடிச்சாச்சாம்மா?" என்றாள் மகள்.

"பிடிச்சேன்டி, நீலுக்கு."

ஹேவ்லாக் போய்ச் சேரும்வரை அதே பேச்சு, அதே சிரிப்பு. இப்போதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்ட பிறகுதான் கப்பலில் கால் வைக்கிறேன்.

எழுத்துக் கூட்டி நானே எழுதியது இது. என் பேத்தி மீனா, இந்தப் பாட்டிக்கு ஒருதரம் படிச்சுக் காட்டு. சிரிக்காமப் படி.