நான்காம் பிரஸ்ஸில் தொங்கிய பூட்டு

வெர்னா கோவாச் தன் விரல் நகத்துக்கு ஒரு நாளும் பூச்சுப் போட்டவள் இல்லை. ஆனாலும் அவள் கைப்பையில் சிவப்பு நகப்பூச்சுக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். அது பூட்டுகளுக்காக.

எங்கள் அடுப்பு ஆலையில் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் பகுதியில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு உண்டு. மெஷினுக்குள் கையை விடுமுன் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டை மாட்டி, மாட்டிய நேரத்தை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டியவர் வந்து திறக்கும்வரை அந்த மெஷின் ஓடாது. நிர்வாகம் பூட்டில் ஒட்டித் தந்த பெயர்ச்சீட்டு எண்ணெய் பட்டு ஒரு மாதத்தில் உரிந்துவிடும். வெர்னா பார்த்தாள். ஒரு மதிய இடைவேளையில் எல்லாருடைய பூட்டையும் வாங்கிவைத்துக்கொண்டு நகப்பூச்சால் பெயர் எழுதித் தந்தாள். அது உரியவே இல்லை. அதிலிருந்து அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதி வேலையும் ஏறக்குறைய அப்படித்தான் விழுந்தது.

பூட்டில் அவள் முதலில் எழுதிய பெயர் டெல் ஆம்ஸ்டட்ஸ். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதைவிட முக்கியம், யூக்கர் சீட்டாட்டத்தில் கூட்டாளிகள். இந்தியானாவில் ஆலை என்று ஒன்று இருந்தால் மதியம் அங்கே யூக்கர் இருக்கும். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டு, ஆளுக்கு ஐந்து சீட்டு, ரொட்டியை மென்றுகொண்டே அரைமணியில் முடித்துவிடலாம். டெல்லிடம் ஒரு கெட்ட பழக்கம். கையில் நல்ல சீட்டு வந்தால் போதும், “தனியா ஆடுறேன்” என்று சொல்லிவிடுவான். ஆட்ட விதி அதை அனுமதிக்கிறது. கூட்டாளி தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பத்தொன்பது வருடம் வெர்னா அப்படி வேடிக்கை பார்த்தாள், திட்டிக்கொண்டே. அவள் கணவன் இறந்த வருடம் டெல்லின் மனைவி ரூத்தன் ஞாயிறுதோறும் கோழியும் நூடுல்ஸும் சமைத்துக் கொடுத்தனுப்பினாள். சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன வெர்னா அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவாள்.

பிறகு 2012-இல் எங்கள் மாநிலத்துக்கு அந்தச் சட்டம் வந்தது. வேலை உரிமைச் சட்டம். பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? சங்கத்துக்குச் சந்தா கட்டுவது இனி அவரவர் விருப்பம் என்றது அது. கட்டாதவருக்காகவும் சங்கம்தான் சம்பளம் பேச வேண்டும், அவருக்கு வேலை போனால் சங்கம்தான் வாதாட வேண்டும் என்பது பழைய சட்டம். அது அப்படியே இருந்தது. ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பது நியாயமா என்று கேட்டவர்களும் எங்களில் இருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடம் விலகியவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

அடுத்த ஒப்பந்தத்தில்தான் வினை வந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மணிக்கு நான்கு டாலர் குறைவு, அதே மெஷின், அதே வேலை. ஒப்பந்தக் குழுவில் வெர்னாவும் இருந்தாள், கையெழுத்தும் போட்டாள். அந்தக் கோடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் டெல்லின் மகள் ஜோலீன்.

டெல் கத்தவில்லை. சீட்டு மேசைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னான்.

“என் சந்தாவை வாங்கிக்கிட்டு என் பொண்ணை மலிவா வித்துட்டீங்க. இனிமே இதுக்கு நான் காசு கட்டணுமா வெர்னா?”

ஒப்பந்தப் பேச்சில் எதிரில் உட்கார்ந்த அதிகாரிகளுக்கு எத்தனை பேர் விலகினார்கள் என்று தெரியும், இன்னும் எத்தனை பேர் விலகக்கூடும் என்பதும் தெரியும், வேலைநிறுத்தம் என்று நாம் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள் என்று வெர்னா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட கோபத்தில், “ஓசிச் சாப்பாடு ருசியாத்தான் இருக்கும், போ” என்றாள்.

அந்த ஒரு சொல் ஐந்து வருடம் நின்றது. டெல் சங்கத்தைவிட்டு விலகி, மதியச் சாப்பாட்டைத் தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டான். பனி கொட்டும் ஜனவரியிலும் எஞ்சினை ஓடவிட்டு அங்கேயே. வெர்னாவுக்கு எதிரே பாய்ட் என்பவன் வந்து உட்கார்ந்தான். நல்லவன், சுமாராக ஆடுவான். ரூத்தனுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்ற செய்தி வெர்னாவுக்கு அடுத்தவர் வாயால்தான் வந்தது. அன்று அவள் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க மட்டும் கால் எழவில்லை. பிடிவாதத்தில் அவளும் சளைத்தவள் இல்லை.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, சீட்டைக் கலைக்கும்போது யாரோ, டெல்லின் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்றார்கள். வெர்னா கையை நிறுத்தினாள். விசாரித்தால், போன செவ்வாயே அவனை வேலையைவிட்டு நீக்கி அனுப்பிவிட்டார்கள். பூட்டு மாட்டாமல் ஏழாம் பிரஸ்ஸுக்குள் கையை விட்டான், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி கண்ணால் பார்த்துவிட்டார், அதற்கு மன்னிப்புக் கிடையாது. மேசையில் மூன்று பேருக்கும் இது ஒரு வாரமாகத் தெரியும்.

பாய்ட் தயங்கித்தான் பேசினான். “அவன் நம்மாள் இல்லையே வெர்னா. நம்ம சந்தாவுல அவனுக்கு எதுக்கு வக்காலத்து?”

அந்த எண்ணத்தை ஐந்து வருடத்துக்கு முன் அந்த மேசையில் விதைத்தது யார் என்று வெர்னாவுக்குத் தெரியும். நீக்கப்பட்டவருக்காக முறையீடு கொடுக்க ஐந்து வேலைநாள்தான் கெடு. நடுவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணக்கில் வராது. மறுநாள் வேலை முடிவதற்குள் டெல்லின் கையெழுத்தோடு காகிதம் போகாவிட்டால் வேலை போனது போனதுதான். வேலை போனால் இன்சூரன்ஸ் போகும். இன்சூரன்ஸ் போனால் ரூத்தனின் டயாலிசிஸ் என்ன ஆகும் என்பதை அவள் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஷிப்ட் முடிந்த கையோடு வண்டியை அந்த வீட்டுக்கு விட்டாள். கதவைத் திறந்தது ரூத்தன். பாதியாக இளைத்திருந்தாள்.

“வழி மறந்துடுச்சோன்னு நினைச்சேன்,” என்றாள் ரூத்தன். “என் சட்டி ஒண்ணு உன்கிட்டேயே கிடக்கு.”

“ஞாபகம் இருக்கு ரூத்தன்.”

“அப்போ அதைச் சாக்கா வெச்சாவது வந்திருக்கலாமே.”

வெர்னா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தோள் எலும்பு கையில் தட்டியதும் ஐந்து வருடமும் ஒரே மூச்சில் வெட்கமாக இருந்தது.

டெல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவன் வாயிலிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அன்று காலை அவன் நான்காம் பிரஸ்ஸைத் திறந்து அச்சு மாற்றிக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் ஹார்லன் ஓடிவந்தான். ஏழாம் பிரஸ்ஸில் தகடு சிக்கிவிட்டது, சரக்கு லாரி காத்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு வா என்றான். டெல்லின் பூட்டு நான்கில் தொங்கியது. உபரிப் பூட்டுப் பெட்டி காலி. ஒரு நிமிட வேலைதானே என்று ஹார்லன் சொல்ல, டெல் கையை விட்டான். அலுவலகத்தில் கேட்டார்கள்: பூட்டு மாட்டினாயா? இல்லை என்றான். எழுதிக் கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டான்.

“ஹார்லன் சொன்னதைச் சொன்னியா?”

“அவன் அங்கேதான் நின்னான். அவனே சொல்லுவான்னு நினைச்சேன். அவன் தரையைப் பாத்துக்கிட்டு நின்னான்.”

“சரி, பிரதிநிதி வரட்டும்னு சொன்னியா?”

எங்கள் ஆலையில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். நாம் கேட்டால்தான் அவர்கள் கூப்பிடுவார்கள், கேட்காவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே ஒரு காலத்தில் டெல்தான்.

“எந்த முகத்தோட கேப்பேன்?” என்றான் கடைசியில். “சந்தா கட்டாதவன் நான். ஓசிச் சாப்பாடுன்னு நீதானே சொன்னே.”

சந்தா கட்டாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்பதை அவன் மறக்கவில்லை. தெரிந்தேதான் கேட்காமல் இருந்திருக்கிறான். அது வெர்னாவுக்கு உறைத்தது. அவனுடைய வேலையைப் பறித்ததில் தன் வாய்க்கும் பங்கு உண்டு என்று அந்த மேசையில்தான் அவளுக்குப் புரிந்தது. காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

டெல் அதைத் தொடவில்லை. “எனக்காகப் பேசித்தான் ஆகணும்னு சட்டம் இருக்கு. அதுக்காக வந்திருக்கே.”

“சட்டத்துக்காகன்னா தபால்ல அனுப்பியிருப்பேன்டா. அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டப்போ எனக்குப் பயம். நமக்குப் பின்னால எத்தனை பேர் நிப்பாங்கன்னே தெரியல. ஜோலீன் முகத்தை இன்னிக்கு வரைக்கும் நேராப் பாக்க முடியல. நீ விலகினது எனக்கு வலிச்சுது. நான் பேசினது அதைவிட மோசம். இப்போ கையெழுத்துப் போடு.”

ரூத்தன்தான் பேனாவை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள்.

மறுநாள் காலை மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் வெர்னா நேராக நான்காம் பிரஸ்ஸுக்குப் போனாள். புது அச்சு வராததால் யாரும் அதைத் தொடவில்லை. பூட்டு அப்படியே தொங்கியது. சிவப்பெழுத்தில் டெல்லின் பெயர், அவள் கையால் எழுதியது, பாதி தேய்ந்து. அட்டையில் டெல்லின் கிறுக்கல்: செவ்வாய், 9.40. பாதுகாப்பு அதிகாரியின் குறிப்பில் ஏழாம் பிரஸ்ஸுக்கு எழுதியிருந்த நேரம் 9.55. வெர்னா அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை விசாரணையில் அவள் நீளமாக வாதாடவில்லை. எல்லாரையும் எழுப்பி நான்காம் பிரஸ் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். பணியாளர் அலுவலகத்துப் பெண் அட்டையைப் படித்தாள், மறுபடி படித்தாள்.

“ஒரு வேலைக்குப் பாதியில அவரை இழுத்துட்டுப் போயிருக்காங்க. அவர் பூட்டு இங்கே மாட்டியிருக்கு,” என்றாள் வெர்னா. “உபரிப் பெட்டியையும் திறந்து பாருங்க. இன்னிக்கும் காலிதான். யார் அனுப்பினதுன்னு ஹார்லன் சொல்லட்டும்.”

ஹார்லன் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தான், பிறகு, நான்தான் அனுப்பினேன் என்றான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, சொன்னதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும். டெல் கையை விட்டது தப்புத்தான் என்று மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டெல் திரும்பவும் சங்கத்தில் சேர்ந்தானா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்ந்தான், ஆனால் உடனே இல்லை. இரண்டு வருடம் கழித்து, அந்த நான்கு டாலர் வித்தியாசத்தை ஒழித்த ஒப்பந்தம் வந்த அன்று ஜோலீனும் அவனுமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவன் சொல் மாறாதவன். வெர்னாவும் அதுவரை ஒரு தடவை கேட்கவில்லை. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று அவளிடம் கேட்டால் கெட்டது என்பாள், அதில் சந்தேகமே இல்லை. கொஞ்சம் பொறுத்து, ஆனால் நம் மேசையிலிருந்து ஆளை எழுப்பி அனுப்பியது சட்டம் மட்டும் இல்லை என்றும் சொல்வாள்.

டெல் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மதியம், சாப்பாட்டுப் பெட்டியோடு வண்டிக்குப் போகிறவன் கதவருகே நின்றான். பாய்ட் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தான். டெல் வந்து வெர்னாவுக்கு எதிரே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பூட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

“எழுத்து தேஞ்சுபோச்சு.”

“நாளைக்குத் தர்றேன்.”

சீட்டு விழுந்தது. டெல் தன் ஐந்தையும் பிரித்துப் பார்த்தான். பத்தொன்பது வருடம் பார்த்த முகம் அது. வந்திருப்பது நல்ல சீட்டு என்று வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. வழக்கப்படி தன் சீட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

டெல் கையை நீட்டி அதை எடுத்து அவளிடமே கொடுத்தான்.

“நீயும் ஆடு,” என்றான்.