சர்க்கிளில் நின்ற எங்கள் அம்மா

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னிடம்தான் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டு நிறுத்த எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். யாருக்காவது மனம் வருந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீராம்புரத்தில், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தெருக் கூட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் பீன்யாவில் வெல்டிங் வேலைக்குப் போனார். கழித்துப் போட்ட கம்பித் துண்டுகளை வளைத்து ஆடு, கோழி என்று எதையாவது செய்து கொண்டு வருவார். "இதையெல்லாம் எங்கடா வைக்கிறது, நாம படுக்கவே எடம் இல்ல" என்று அம்மா திட்டுவார்கள். திட்டிக்கொண்டே அலமாரி மேல் அடுக்கியும் வைப்பார்கள்.

கம்பி கட்டி, வலை சுற்றி, சிமென்ட் பூசிச் சிலை செய்வதைக் கோபுர வேலை நடக்கும் இடங்களில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பூங்காக்களுக்கு யானை, மான், நீரூற்றுத் தாமரை என்று வருடக் கணக்கில் செய்தார். எந்தக் கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை, திறந்து வைத்தவர்கள் பெயர்தான் இருக்கும். கேட்டால், "யானைக்கு நான் யாருன்னு தெரியும், போதும்" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா இறந்த மறு வருடம், எங்கள் பகுதிச் சர்க்கிளில், நாலு ரோடு சேருகிற இடத்தில், துப்புரவுத் தொழிலாளிக்குச் சிலை வைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. வேறு யாரைச் செய்வார்? முந்தானையை இழுத்துச் செருகி, துடைப்பத்தை ஊன்றி, நிமிர்ந்து நிற்கிற அம்மாவைத்தான் செய்தார். ரேஷன் கார்டில் இருந்த மங்கிய படத்தைத் தவிர எங்களிடம் அம்மாவின் போட்டோ கிடையாது. அந்தச் சிலையைப் பார்க்கத்தான் நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவேன்.

ஆறு மாதத்துக்குள் யாரோ சிலையின் காலில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அப்புறம் எலுமிச்சம்பழம், விளக்கு, ஆடி வெள்ளிக்குக் கூழ். அண்ணனுக்கு வந்ததே கோபம்! சனிக்கிழமைதோறும் வாளியும் பிரஷ்ஷுமாகப் போய்க் கழுவுவார். நான் சண்டை போட்டேன்.

"விட்டுத் தொலையேன் ண்ணா. நாலு பேர் கும்பிட்டா உனக்கென்ன கொறஞ்சிடும்?"

"சாமின்னு ஆயிட்டா அம்மா தெருக் கூட்டுனது யாருக்கும் ஞாபகம் இருக்காதுடி. கும்பிட்டுட்டுப் பக்கத்துலயே குப்பையக் கொட்டிட்டுப் போவானுங்க."

கும்பிட வந்த பெண்களிடமும் நியாயம் பேசி விரட்டினார். அவர்கள் எதிர் மூலையில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டுக்கொண்டு அங்கே போனார்கள்.

பிறகு மேம்பால வேலை வந்தது. அளவெடுக்க வந்த இன்ஜினியர் வேப்பமரத்தடிக் கல்லைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதைத் தொட்டால் கலாட்டா ஆகும் என்று தூணையே தள்ளி வைத்து வரைந்தார்கள். சிலைக்கு யார் வந்து நிற்பார்கள்? அண்ணனைக் கூப்பிட்டு, "டெம்பரரிதான் சார், பாலம் முடிஞ்சதும் இதே எடத்துல வெச்சிடறோம்" என்றார்கள். நம்பினார். எங்கே வெட்டினால் திரும்ப ஒட்ட முடியும் என்று இடுப்பிலும் முழங்காலிலும் தன் கையாலேயே சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுத்தார். வெட்டிய துண்டுகளை லாரியில் ஏற்றி, பழைய சாமான்களைப் போட்டு வைக்கும் யார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பாலம் முடிந்தது. அண்ணன் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். "நாளெ பன்னி" என்பார்கள், நாளைக்கு வாங்க என்று. கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்தது நான்தான். வந்த வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பினார். "மொதல்ல அம்மாவ நிறுத்தணும்" என்பதுதான் பேச்சு. குங்குமத்தைக் கழுவாமல் விட்டிருந்தால் அந்தச் சிலை இன்றைக்கும் நின்றிருக்கும். இதை ஒரு நாள் கோபத்தில் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன், பாவி.

சிமென்ட் தூசும் வெல்டிங் புகையும் அவர் நுரையீரலைத் தின்றுவிட்டன. அவரால் நடக்க முடியாமல் போனபின், சிலையை வைத்திருந்த யார்டுக்கு நான் போனேன். "அதையெல்லாம் அப்பவே ஒடச்சு ஏதோ ரோட்டுக்கு ஃபில்லிங் போட்டுட்டாங்கம்மா. கம்பி பழைய இரும்புக்குப் போயிடுச்சு" என்றார் காவலாளி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டார். "போனியா? எப்படி இருக்குது?"

"பத்திரமா இருக்குது ண்ணா. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "பொய் சொல்றப்ப வளையலத் திருகுவ, சின்னதுலேர்ந்தே" என்றார். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார்.

ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரருக்கும், கடைசி வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து உண்மையைச் சொன்ன அந்தக் காவலாளிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணனின் அஸ்தியைக் கரைத்த இடம் எங்களுக்குத் தெரியும். அம்மா எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறார்கள் என்று கேட்டேன். அந்தக் காவலாளிக்கும் தெரியவில்லை.